ஒன்பதாம் பாகம் எளிதுதானா?

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆறு மனிதர்களும் ஒரு பூனையும் சுகம். ஏழாவது ஆளான காற்றுக்குத்தான் உடம்பு சரியில்லை, ஓயாமல் இருமிக்கொண்டே இருக்கிறது. நீ, மாமா, அம்மா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சாட்டிலைட் ஃபோனில் கிடைப்பதே மூன்று நிமிஷம். போன தடவை அம்மாதான் முழுக்கப் பேசினாள். நீ வரவே இல்லை.

வானிலை நிலையத்து வேலை பழகிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய்க் காற்றழுத்தம், மேகம், அலை எல்லாம் பார்த்துக் குறித்து அனுப்பவேண்டும். மிச்ச நேரம் என்னுடையது. தீவில் இணையம் கிடையாது. கடல் மனசு வைத்தால் மூன்று வாரத்துக்கு ஒரு படகு வரும். அதனால் இனி கடிதம்தான்.

நீ வழியனுப்பும்போது கொடுத்தாயே, ‘பூதப்பை’ வீடியோ கேம் ஒன்பதாம் பாகம், அதைப் பதினோரு நாளில் முடித்துவிட்டேன். ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. அக்கா, நம்ம ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள்! எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டுகிறது. ஒரு பூதம் சண்டை போட்டால் பையில் தூங்கும் ஐந்து பூதங்களுக்கும் சேர்த்து பலம் ஏறுகிறது. நின்ற இடத்திலேயே காயம் ஆற்றிக்கொள்ளலாம். முதல் பாகத்தில் கருங்குகைக்குள் பாதி உயிரோடு இருக்கும் சாம்பலாமைப் பூதத்தைத் தூக்கிக்கொண்டு ஓய்வு வீட்டுக்குத் திரும்ப நடப்போமே, அந்தப் பதைப்பு எங்கே, இது எங்கே? இது ஆட்டம் இல்லை, தாலாட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை

மார்ச் 1

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலமே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாமா கண்ணாடிக் கடையில் வழக்கம்போலப் பிறர் கண்ணைச் சோதித்துவிட்டுத் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். காற்றில் அலைகிறாய், காதை மூடிக்கொண்டு போ.

எனக்கு நிறைய லீவு சேர்ந்துபோயிற்று, எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். நான் பழுது பார்க்கிற லிஃப்டுகள் எல்லாம் நான் இல்லாமலும் மேலே போய்க் கீழே வருகின்றனவாம், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷத்தையும் அம்மாவுக்கே கொடு. அவளுக்கு உன் குரல் வேண்டும், எனக்குக் கடிதம் போதும்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஆபீஸில் ஒருவர் கேட்கச் சொன்னார். பட்டன்களை எல்லாம் ஒரே பக்கத்துக்கு மாற்றிவைக்க முடியுமா? சண்டையின் நடுவில் ரொம்ப நேரம் ஒன்றும் அழுத்தாமல் இருந்தால் எதிரி அடித்துவிடுமா, காத்திருக்குமா?

பூனைக்கும் என் அன்பு.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பூனைக்கு உன் அன்பைச் சொன்னேன், கொட்டாவி விட்டது. அம்மாவின் முழங்காலை நான் கேட்டதாகச் சொல்.

அதென்ன, கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய்? எனக்கு ஏதாவது நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று பயந்தே போனேன். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “வேலய விட்டுத் தூக்கிட்டாங்களா?” என்று கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்த மாதிரி இருந்தது.

உன் ஆபீஸ்காரருக்குப் பதில்: மாற்றலாம். ஒன்பதாம் பாகத்தில் எல்லாப் பட்டனையும் ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். எதிரியும் நீ அழுத்துகிற வரைக்கும் தேமே என்று நிற்கும், நீ போய்க் குளித்துவிட்டு வரலாம். இதைத்தானே நான் சொல்கிறேன்! ஒரு கையில் டீயும் மறு கையில் வெற்றியும் கிடைக்கிற ஆட்டம் ஒரு ஆட்டமா? அதுவும் கஷ்டமாக இருக்கும்போல் அவருக்குத் தோன்றினால், பேசாமல் போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்.

சீக்கிரம் எழுது. உடம்பு பத்திரம்.

தங்கை

மே 3

அன்புள்ள தங்கைக்கு,

சுகமே. நடுவில் ஒரு படகைத் தவறவிட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் அலைச்சல்.

நானும் ஒன்பதாம் பாகம் வாங்கிவிட்டேன். முதல் அரங்கத்தைக் காக்கும் தலைவியிடம் மூன்று முறை தோற்றேன். சிரித்து முடித்துவிட்டாயா? சரி.

இன்னொரு செய்தி. நம் தெரு முனை நூலகத்தின் மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம் ‘பூதப்பை’ ஆடுகிறவர்கள் கூடுகிறார்கள். எல்லோரும் வளர்ந்த ஆட்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஓய்வு பெற்ற ஒரு பேங்க் காசாளர், ஒரு பல் டாக்டர். முதல் வியாழன் கண்டக்டர் என்னை நான்கு நிமிஷத்தில் இறக்கிவிட்டார். “அடுத்த ஸ்டாப்ல ஏறிக்கங்க மேடம்” என்றார். அடுத்த வாரமும் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

கடிதம் வந்தவுடன் விழுந்து விழுந்து சிரித்தேன் என்பது உண்மை. முதல் தலைவியிடம் மூன்று முறையா! அவளிடம் இருப்பதே இரண்டு உமிக்காடைதானே, ஊதினால் பறந்துவிடும். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினாலு வயதில் முதல் பாகத்தின் எட்டு அரங்கத்தையும் கரைத்துக் குடித்தவள் நீ. உனக்கு என்ன ஆயிற்று?

நேற்று அம்மாவிடம் ஃபோனில் “அக்கா...” என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள், “நல்லா இருக்கா, நல்லா இருக்கா, ரொம்ப நல்லா இருக்கா” என்றாள். மூன்று முறை. நம் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்கே தெரியும்.

ஒளிக்காமல் எழுது.

தங்கை

ஜூன் 10

அன்புள்ள மச்சினிக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அந்த வரியை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால் உன் அக்காவுக்கு. அதில் இருந்த எழுத்துப்பிழைகளை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அதனால் பொறுத்துக்கொள்.

நீ படகேறிப் பத்து நாளில், ஜனவரிக் கடைசியில், வேலையில் விபத்து. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ மேலே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கை கப்பிக்குள் போய்விட்டது. மூன்று விரல் எலும்பு முறிவு, கட்டை விரலை ஆட்டும் நரம்பு அறுந்து இரண்டு அறுவை சிகிச்சை. பயப்படாதே, கை இருக்கிறது, விரல்களும் இருக்கின்றன. அவை சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். “நாலு வருஷம் காத்துக் கெடந்து அவளுக்கு அந்தத் தீவு கெடச்சிருக்கு. விஷயம் தெரிஞ்சா அடுத்த படகுல வந்து நிப்பா. வரக் கூடாது” என்றாள். ஆகவே வந்துவிடாதே. வந்தால் எனக்குத்தான் முதல் அடி.

பிசியோ டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை இவள் ஜன்னல் வழியாக வீசியது இரண்டு முறை. நான் பொறுக்கி வந்ததும் இரண்டு முறை. ஆபீஸ்காரர் என்று உனக்கு எழுதியவர் இவள்தான். உன் பதில் வந்த அன்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் போய் ஆட்டத்தை வாங்கி வந்துவிட்டாள். இடது கையால் ஆடுகிறாள். பிசியோ சொன்னபடி தினம் பத்து முறை மட்டும் வலது கட்டை விரலால் ஒரு பட்டன். ஏப்ரலில் ஒருநாள் அது முதல்முறையாக அமுங்கியது. “அமுங்கிடுச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்து, எது அமுங்கியது என்று சுவரைப் பார்த்தார்.

உனக்குத் தெரிந்தால் போதும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மற்றபடி அனைவரும் நலம்.

மாமா

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தை ஒவ்வொரு படகுக்கும் எழுது.

பொழுது போகாமல் ஒன்பதாம் பாகத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சின்ன விதி வைத்துக்கொண்டேன்: இடது கை மட்டும். வலது கையை ஸ்வெட்டருக்குள் விட்டுப் பட்டி போட்டுக் கட்டிவிடச் சொன்னேன். சமையல்காரர்தான் கட்டிவிட்டார், காரணம் கேட்கவில்லை.

முதல் நாள் மெனுவைத் திறக்கவே திணறினேன். ஓடு என்றால் பை திறக்கிறது, பையைத் திற என்றால் என் ஆள் போய்ச் சுவரில் முட்டுகிறான். ‘தேமே என்று நிற்கும்’ என்று எழுதினேனே, அந்த எதிரி நின்றதால்தான் பிழைத்தேன். உமிக்காடைக்காரியிடம் எத்தனை முறை தோற்றேன் தெரியுமா? ஐந்து. உன்னைவிட இரண்டு அதிகம். ஒன்பது நாள் ஆடியும் இரண்டாவது அரங்கத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. அப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டேன். எனக்கு அவிழ்க்க முடிந்தது.

உன் ஆபீஸ்காரரைப் பற்றி நான் எழுதிய கடைசி வரி கேவலமானது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்.

தங்கை

ஜூலை 22

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இந்த வரி இந்த முறை பாதிக்கு மேல் உண்மை.

ஒன்றரை மாதமாக உன் மாமா என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிடுகிறார். உன் கடிதம் வந்ததும் காரணம் புரிந்தது. ஆபீஸ்காரர் உன்னை மன்னித்துவிட்டார். அவருக்கும் சேர்த்து நானே ஒரு மூச்சு அழுதும் விட்டேன். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன் என்றுதான் வரவில்லை. இனி வருகிறேன்.

சரி, நம் வழக்குக்கு வருவோம். ஒன்பதாம் பாகம் எளிதா? கதை எளிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாகத்தையும் போன மாதம் எடுத்து ஆடிப் பார்த்தேன். அதில் எதிரிகள் எல்லாம் அசட்டு எதிரிகள், தங்கையே! நெருப்புப் பூதத்தின் மேல் நெருப்பை ஊதுகின்றன. புல்வெளியில் சுற்றிச் சின்னப் பூதங்களை அடித்துப் பத்து லெவல் ஏற்றிக்கொண்டு போனால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். நாம் கஷ்டம் என்று நினைத்தது நடைதான். அந்த நடையைத்தான் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது கைப்பிடி மாதிரி உதவியது, பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். ஏறிப் பார்த்தால் நூலகத்து மாடியில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எந்த மூன்று பூதத்தை எடுப்பேன், எப்போது பதுங்குவேன் என்று என் மனசைப் படிக்கிறார்கள். நாம் ஆடிய எந்தப் பாகத்திலும் இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை. நீ தீவில் ஆடுவது வாசல்வரைதான். வீட்டுக்குள் நீ இன்னும் வரவில்லை.

வேலையில் என்னை மேஜைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். ஃபைல் பார்த்தால் போதுமாம். மாட்டேன் என்றேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கையைச் சோதிப்பார்கள்: கயிற்றில் முடிச்சு, நட்டு முறுக்குவது, ஏணி. அதற்கு நாலு நாள் முன்னால், பதினாலாம் தேதி, நகரப் போட்டி. இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

குளிரில் தலையை மூடிக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அன்பு. மாமாவை அடித்தாயா?

ஞாயிறு உன் குரலைக் கேட்டதும் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு நிமிஷம் மழையளவு சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

நீ அடிபட்டவள் என்பதற்காக வழக்கை விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. கதை எளிதாகிவிட்டது. அதை எழுத்தில் ஒத்துக்கொண்டாய், கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்றபடி, நான் வாசலில் நிற்கிறேன் என்கிறாயே, உள்ளே வர எனக்கு வழி ஏது? இங்கே எதிரில் உட்கார்ந்து ஆட ஆள் இல்லை, பூனைக்கு விரல் போதாது.

ஒரே ஒரு யோசனை: சாம்பலாமையை எடுத்துக்கொண்டு போ. மெதுவாக நகர்கிறதே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். நீ விடாதே. ஜெயித்துவிட்டு எழுது. தோற்றால் இன்னும் நீளமாக எழுது.

தங்கை

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலம், நலம், ரொம்ப நலம். அம்மா மாதிரி மூன்று தடவை சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை. உட்கார்ந்து படி.

நகரப் போட்டிக்கு அறுபத்து நாலு பேர் வந்திருந்தார்கள். நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய கூடம், வரிசையாக மடக்கு மேஜைகள். போட்டியில் எதிரி காத்திருக்காது. ஒவ்வொரு முறைக்கும் நாற்பத்தைந்து விநாடிதான். பெயர் பதிகிற பெண்மணி என் கையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் கூடுதல் நேரம் போடலாமா? விதியிலயே இடம் இருக்கு” என்றார். “வேணும்னா கேக்குறேங்க” என்றேன். முதல் ஆட்டத்திலேயே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. தட்டுத் தடுமாறி ஜெயித்தேன். இரண்டாவது, மூன்றாவது சுலபம். நாலாவதில் நம் கண்டக்டர்! அவரை ஆறு நிமிஷத்தில் முடித்தேன். எழுந்து நின்று, “மேடத்துக்கு வழி விடுங்கப்பா” என்று கூட்டத்தையே ஒதுக்கிவிட்டார். அரையிறுதியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவர் யோசித்த யோசனையில் அவருடைய நேரமே அவரைத் தோற்கடித்தது.

கடைசி ஆட்டம் பல் டாக்டரோடு. மூன்று வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான் இருக்கிறது. குரலே எழுப்பாமல் பேசுவார், “வலிக்காதும்மா” என்கிற அதே குரலில்தான் பூதங்களையும் பிடுங்குவார். ஆளுக்கு மூன்று பூதத்தில் முதல் இரண்டை இருவருமே இழந்தோம். மிச்சம் அவரிடம் மின்னட்டை, முக்கால் உயிர். என்னிடம் சாம்பலாமை, ஒரு கீற்று உயிர். எது தொட்டாலும் போய்விடும்.

ஆமைக்கு ஒரு வித்தை உண்டு, உனக்குத் தெரியும்: ஓட்டுக்குள் பதுங்கினால் அந்த முறை எந்த அடியும் படாது. அன்றைக்கு எல்லா ஆட்டத்திலும் உயிர் குறைந்தபோதெல்லாம் பதுங்கினேன். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் பதுங்குவேன் என்று அவர் நினைத்தால் அடியை வீணாக்க மாட்டார், மின்னட்டைக்குச் சக்தி ஏற்றிக்கொள்வார். அடுத்த அடியில் ஓடே உடையும். அவர் சக்தி ஏற்றும் அந்த ஒரு முறைதான் எனக்கு வழி. ஆனால் நான் பாய்ந்து அடிப்பேன் என்று அவர் ஊகித்து முந்திக்கொண்டால், அந்த நிமிஷமே நான் காலி.

முப்பது விநாடி போய்விட்டது. அப்போது பார்த்து இடது கை பிடித்துக்கொண்டது. ஆறு ஆட்டமும் ஒரே கை, விரல்கள் கொக்கி போல மடங்கி நின்றுவிட்டன. மிச்சம் பத்து விநாடி. கருவியை மேஜை மேல் வைத்தேன். வலது கட்டை விரலைக் கொண்டுவந்து பட்டன் மேல் வைத்தேன். பிசியோ அறையில் பத்து முறைக்கு ஏழு முறைதான் அது சொன்னபடி கேட்கும். “அமுங்குடா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

அமுங்கியது. ‘எரிமலைப் பாய்ச்சல்’, ஆமையின் பெரிய அடி.

அவர் சக்தி ஏற்றினார். என் ஆமை ஓட்டைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. மின்னட்டையின் உயிர்க்கோடு இறங்குகிறது, இறங்குகிறது, நிற்கவே இல்லை. கூடமே எழுந்துவிட்டது. உன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றதால் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை, இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறார். டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து, கை கொடுக்கத் தன் இடது கையை நீட்டினார். நான் வலது கையைக் கொடுத்தேன். “பதுங்குவீங்கன்னு நெனச்சேன்” என்றார். “நானும்தான்” என்றேன்.

பதினெட்டாம் தேதி சோதனை. முடிச்சு போட்டேன். நட்டை முறுக்கினேன், மெதுவாகத்தான், ஆனால் அவர்கள் அவிழ்த்துப் பார்க்க முடியாத அளவுக்கு. ஆறு மாதம் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இன்று காலை நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைச் சரி செய்து, நானே ஏறி மேலே போய்க் கீழே வந்தேன். இரண்டு தடவை. வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

பத்திரமாக இரு, பூனையைக் கேட்டேன் என்று சொல்.

அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ஆறு பேரும் தொண்டை கட்டிப்போய் நலமாக இருக்கிறோம். உன் கடிதம்தான் காரணம்.

சாப்பாட்டு மேஜையில் நின்றுகொண்டு உரக்கப் படித்தேன். ‘பூதப்பை’ என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்கள். சாம்பலாமைக்கு ஒரு கீற்று உயிர் என்றதும் ஜெனரேட்டர் பார்க்கிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “பதுங்கச் சொல்லு! பதுங்கச் சொல்லு!” என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார், நான் ஏதோ இங்கிருந்தே உனக்குச் சொல்லமுடியும் என்பது போல. அமுங்கியது என்று படித்தேனோ இல்லையோ, சமையல்காரர், அக்கா, சமையல்காரர், பாத்திரத்தை எடுத்து அகப்பையால் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தார். சிரித்தார். முன்னால் இரண்டு பல் இல்லை அவருக்கு, அதுதான் இத்தனை நாள் இரகசியம்.

வழக்கில் நான் தோற்றேன். எழுத்தில் தருகிறேன், பத்திரப்படுத்திக்கொள். அடுத்த மாதம் ஆறு வார லீவில் வருகிறேன். வியாழக்கிழமை நூலகத்து மாடியில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை. கண்டக்டரிடம் சொல்லிவிடு, நான் முதல் ஸ்டாப்பில் இறங்குகிற ஆள் இல்லை.

கடிதம் படித்த கையோடு மூன்று மணிப் பதிவுக்கு வெளியே ஓடினேன். மேகம் எட்டில் ஒரு பங்கு. காற்றுக்கு இருமல் நின்று போயிருந்தது. பதிவேட்டில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. மூடுபனி, இடி, கப்பல் தெரிந்தது என்று எழுதுகிற இடம். பேனா தானாக ஓடிவிட்டது. பக்கத்தின் கீழே நிலையத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் சிவப்பு மையால் அடிக்கிறவர். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் வைத்துவிட்டார்.

ஆகையால் இப்போது அது அரசாங்க ஆவணம். தலைமை நிலையத்தில் கோப்பு இருக்கும் வரைக்கும் இருக்கும்: “பார்வைத் தூரம் முப்பது கிலோமீட்டர். கடல் அமைதி. அக்கா ஜெயித்துவிட்டாள்.”

கையைப் பார்த்துக்கொள், இரண்டையும்.

உன் தங்கை